ஒளிநாடாவிலிருந்து இலக்கப் படத்திற்கு



நம் இல்லத் திருமணங்களும் பள்ளி ஆண்டு விழாக்களும் முன்னர் ஒளிநாடாவில் பதிவாயின. ஜேவிசி நிறுவனம் 1976-இல் ஜப்பானில் வெளியிட்ட விஎச்எஸ் நாடாவே அவற்றுள் பெரிதும் பரவியது. காந்தப்பூச்சில் பதியும் அந்நாடாவைப் படியெடுக்குந்தோறும் படத்தின் தெளிவு குன்றும்.

1993-இல் வீடியோ சிடியின் தரம் வகுக்கப்பட்டது. இதில் படம் எண்களாக மாறுகிறது. எம்பெக்-1 என்னும் சுருக்கமுறை ஒவ்வொரு படச்சட்டத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முந்தைய சட்டத்திலிருந்து மாறிய பகுதியையே பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. அதனால் ஏறத்தாழ 74 நிமிடப் படம் ஒரு குறுந்தட்டில் அடங்கிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப்படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வீடு வந்து சேர்ந்தன. 1996-இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி, முழுப்படத்தையும் ஒரே தட்டில் அடக்கியது.

எண்களாக உள்ள பதிவை எத்தனை முறை படியெடுத்தாலும் தெளிவு குறையாது. இதுவே இலக்கமுறையின் தலையாய சிறப்பு.

ஆயினும், பழைய நாடாக்கள் தாமாக இலக்கமாகிவிடா. நாடா நைகிறது, அதனை இயக்கும் கருவியும் மறைகிறது. விஎச்எஸ் கருவிகளை இறுதிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2025-ஆம் ஆண்டளவில் காந்த நாடாக்களை இயக்குவது அரிதாகிவிடும் என 2019-இல் யுனெஸ்கோவின் வழி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அக்கெடு வந்தேவிட்டது.

மூடப்பட்ட தோட்டப்பள்ளிகளின் விழாக்களும் மறைந்த பெரியோரின் குரல்களும் அந்நாடாக்களில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். பள்ளி நூலக அலமாரியைத் திறந்து பாருங்கள். கிடைப்பதை இலக்கமாக்கி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். படத்தில் இருப்போரின் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுதிவைக்க மறவாதீர்கள். அவற்றை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.