சேறும் சங்கீதமும்

மூன்று நாள் மழையில் நனைந்து, முழங்கால் சேற்றில் நடந்து, ஈரக் கூடாரத்தில் படுத்து எழுந்த ஒருவன், அடுத்த வருஷமும் அதே இடத்துக்குக் கைக்காசு செலவழித்துப் போவானா? "பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் கடந்த ஐம்பது, அறுபது வருட இசை விழா வரலாற்றைப் புரட்டினால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. சில இடங்களுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி போனார்கள். சில இடங்களை அப்படியே தலைமுழுகிவிட்டார்கள். மழை என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மழைதான்!

மலர்க் குழு நண்பர்கள் "உன் வேலையைப் பத்தி ஏதாவது எழுதேன்" என்றார்கள். நான் நம் கல்லூரியில் சிவில் படித்தவன். மழைநீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வடிகால் கட்டுரை என்று தலைப்புப் போட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் சங்கீதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

சேறு எப்படிப் பிறக்கிறது?

மழை பெய்தால் மட்டும் சேறாகிவிடாது. மணல் தரையில் எவ்வளவு பெய்தாலும் நீர் இறங்கிவிடும். களிமண்தான் சிக்கல். அதன் துகள் மிக நுண்ணியது, இடைவெளியும் மிகச் சிறியது; தண்ணீர் கீழே இறங்கவே மறுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் மண் பிசைந்த மாவுபோல் ஆகும். இன்னும் தாண்டினால் கூழ்போல் ஓடும். மூன்றாம் வருடப் பாடத்தில் படித்த அட்டர்பெர்க் எல்லைகள் ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்.

அதன்மேல் ஒரு லட்சம் பேர் நடந்தால் என்ன ஆகும்? நம் ஊர் நெல் வயலில் சேற்றுழவு செய்கிறோமே, எதற்கு? தண்ணீர் வயலைவிட்டுக் கீழே இறங்கக் கூடாது என்பதற்காக. மாடும் மனிதனும் மிதித்து மிதித்து மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகிறார்கள். இசை விழா மைதானத்தில் நடப்பதும் அச்சு அசல் சேற்றுழவுதான். நாற்று நடுவதுதான் பாக்கி!

உட்ஸ்டாக், 1969

உட்ஸ்டாக் விழாவைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணையில் நடந்தது. முதலில் வேறு ஊரில் நடப்பதாக இருந்தது. ஒரு மாதம் இருக்கும்போது அந்த ஊர் நிர்வாகம் முடியாது என்று கைவிரித்துவிட்டது. அவசர அவசரமாக இடம் மாற்றியதில் வேலி போட்டு முடிக்கக்கூட நேரமில்லை. நாலு லட்சம் பேருக்குமேல் திரண்டார்கள். டிக்கெட் கேட்க ஆளில்லாமல் இலவச விழாவாகிவிட்டது.

முதல் நாள் இரவு மழைத் தூறலில் வாசித்தவர் யார் தெரியுமா? நம்ம பண்டிட் ரவிசங்கர்! தபலாவில் அல்லா ரக்கா. பிற்பாடு அந்த அனுபவத்தை நினைவுகூர்ந்த ரவிசங்கர், சேற்றில் திளைத்துக் கிடந்த அந்தக் கூட்டம் நம் நாட்டு எருமைகளை நினைவூட்டியது என்று சொன்னார். இரண்டு ஆண்டுக்கு முன் மான்டரே விழாவில் மகிழ்ந்து வாசித்தவருக்கு, இதற்குப் பிறகு அத்தகைய விழாக்களின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. ஞாயிறு பிற்பகல் ஜோ காக்கர் பாடி முடித்ததும் பெரும் புயல்மழை. நிகழ்ச்சி மணிக்கணக்கில் நின்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறியது திங்கள் காலையில். அதற்குள் பெரும்பகுதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தது.

ஆனால் 1970இல் உட்ஸ்டாக் படம் வெளிவந்தது. சேற்றில் வழுக்கி விளையாடும் இளைஞர்களை உலகமே பார்த்தது. கஷ்டம் காவியமாகிவிட்டது! போகாதவர்களுக்கும் போன மாதிரி ஓர் ஏக்கம். சேற்றைப் பட்டவன் ஒரு பங்கு, பார்த்து ஆசைப்பட்டவன் பத்துப் பங்கு. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

கிளாஸ்டன்பரி: ஐம்பது வருடப் பாடம்

இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்ற கிராமம். அங்கே மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் ஒரு விழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம்! வந்தவர்கள் சுமார் 1,500 பேர். அதுதான் வளர்ந்து வளர்ந்து கிளாஸ்டன்பரி விழாவாயிற்று. இடமோ பள்ளத்தாக்கு, மண்ணோ களிமண், நடுவே ஒயிட்லேக் என்ற சிற்றாறு. புல் வளர்க்க அருமையான இடம். லட்சக்கணக்கில் ஆள் நிற்க? ஒரு சிவில் இன்ஜினியரைக் கேட்டிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

1997, 1998 இரண்டு வருடமும் அடுத்தடுத்துச் சேறு. 2005இல் வெள்ளிக்கிழமை காலை இடி மின்னலோடு கொட்டிய மழையில் தாழ்வான பகுதிக் கூடாரங்கள் கூரை வரை முழுகின. அதன் பிறகுதான் வடிகால் வேலையில் உருப்படியாகப் பணம் போட்டார்கள். 2007இல் மறுபடி நல்ல மழை. இந்தத் தடவை வெள்ளம் இல்லை, ஆனால் சேறு ஏராளம். வடிகால் மேலே ஓடும் நீரைத்தான் கொண்டுபோகும். மிதித்துக் குழைத்த களிமண்ணுக்கு அது மருந்தில்லை.

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 2007 விழா டிக்கெட்டுகள் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்திருந்தன. 2008 ஏப்ரலில் அடுத்த விழாவுக்கு விற்பனை தொடங்கியது. வாரக்கணக்கில் டிக்கெட் மீந்து கிடந்தது! பத்திரிகைகள் இரண்டு காரணம் சொல்லின. ஒன்று, ராப் பாடகர் ஜே-சியை முக்கிய மேடைக்கு அழைத்தது பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு, "போன தடவை பட்ட சேறே போதும்ப்பா" என்ற அலுப்பு. எது எத்தனை சதவீதம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: இரண்டு விழாக்கள் அடுத்தடுத்து நனைந்ததும் பிடிவாதமான ரசிகனுக்கும் கால் தயங்கியது.

அடுத்த விழாவுக்கு 2008 அக்டோபரிலேயே விற்பனையைத் தொடங்கி, முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். 2010 நல்ல வெயில் அடித்த வருடம். பயம் தெளிந்தது. அதோடு, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை விழாவே நடத்தாமல் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமும் உண்டு. 2006, 2012, 2018 அப்படிப்பட்ட வருடங்கள். புல்வேர் பிடித்த மண்தான் மிதியைத் தாங்கும். நிலத்துக்கு ஓய்வு, ஜனங்களுக்கு ஏக்கம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

2016 ஜூனில் நானும் போனேன். அப்போது வேலை நிமித்தம் பிரிஸ்டல் நகரில் இருந்தேன். முதல் நாளே சாலையெல்லாம் வாகன நெரிசல். நான் ஏறிய பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். உள்ளே போனால் நான் பார்த்திராத சேறு. நானா பார்த்திராதது? 46 வருடத்தில் இப்படி ஒரு சேற்றைக் கண்டதில்லை என்று ஈவிஸே சொல்லிவிட்டார். தென் இங்கிலாந்தில் கிடைத்த மரச்சில்லுகளை எல்லாம் வாங்கிக் கொட்டியாகிவிட்டது என்றும் சொன்னார். வெள்ளி காலை கண் விழித்தால் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு வெளியேறுகிறது என்ற வாக்கெடுப்பு முடிவு. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இருந்தும் பகலில் என் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, கையைப் பிடித்து இழுத்துவிட்டவர்கள் அவர்கள்தான்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? நான் கவனித்தது இவைதான். முக்கியப் பாதைகளில் இரும்புத் தகடு பாதி வழிக்காவது போட்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய் கிடைத்தது. சேறான இடத்தில் வைக்கோலும் மரச்சில்லும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து விழுந்தன. மருத்துவக் கூடாரம் எங்கே என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. திங்களன்று கிளம்பும்போது பஸ் தாமதம்தான், ஆனால் வந்தது.

சரி, அதற்கு அடுத்த விழாவுக்கு டிக்கெட் விற்றதா? அதே வருடம் அக்டோபரில் விற்பனை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் காலி! நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிடைக்கவில்லை.

இதிலிருந்து சேறு பட்ட அத்தனை பேரும் திரும்பினார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. போதுமடா சாமி என்று விலகியவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் இடத்தை நிரப்ப, 1997இலிருந்து பி.பி.சி. தொலைக்காட்சியில் பார்த்து ஏங்கிய கூட்டம் வரிசையில் நின்றது. 2005இல் மாடல் அழகி கேட் மாஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்த படம் வந்தபின், அந்த பூட்ஸே நாகரிகமாகிவிட்டது. உட்ஸ்டாக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பட்டவன் ஒரு பங்கு, ஆசைப்பட்டவன் பத்துப் பங்கு.

திரும்பாத இடங்கள்

இப்போது மறுபக்கம். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு வெளியே டுமாரோவேர்ல்ட் என்ற நடன இசை விழா. மழையில் பாதைகள் சேறாகி, சனிக்கிழமை இரவு ஆட்களை ஏற்றிப்போக வேண்டிய வண்டிகள் வர முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் மைல் கணக்காக நடந்தார்கள், ரோட்டோரத்தில் படுத்தார்கள். ஞாயிறு நிகழ்ச்சிக்கு உள்ளே தங்கியிருந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. 2016இல் அந்த விழா நடக்கவில்லை. தாய்க் கம்பெனி திவாலானதும் ஒரு காரணம். ஆனால் ரசிகர்கள் மனதில் விழா அந்த ராத்திரியே முடிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர், ஜெர்மனியின் வாக்கன் விழா. 2023 ஆகஸ்டில் மழையால் மைதானம் தாங்காது என்று தெரிந்ததும், விழா தொடங்கும் நாளிலேயே "இனி யாரும் வராதீர்கள்" என்று நிறுத்திவிட்டார்கள். வர வேண்டியவர் 85,000 பேர். உள்ளே வந்தவர் சுமார் 50,000. வர முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன!

இன்னொன்று, 1999இல் நடந்த உட்ஸ்டாக். பழைய விமானப்படைத் தளம், காங்கிரீட்டும் தாருமான தரை. மழைச் சேறு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சுட்டெரிக்கும் வெயில், தண்ணீர் பாட்டில் 4 டாலர், நிரம்பி வழிந்த கழிப்பறை. கடைசி இரவு தீ வைப்பில் முடிந்தது. 2019இல் ஐம்பதாம் ஆண்டு விழா நடத்த முயன்றார்கள். அது நடக்காமலே ரத்தானது.

நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்க இருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போனது. ஜனங்கள் "மழைக்கு யார் என்ன பண்ண முடியும்" என்று பொறுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்தபோதோ, டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாத நெரிசல். கோபம் வெடித்தது. டிக்கெட் நகலை அனுப்புங்கள், கவனிக்கிறோம் என்று ரஹ்மானே பொதுவில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆக, என்ன தெரிகிறது?

வானத்தை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு தடவை சேற்றை மன்னிப்பார்கள். மறுபடி மறுபடி அதே சேறு என்றால் தயங்குவார்கள். சீர்செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் திரும்பி வருவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாததை, வீட்டுக்குப் போக வண்டி இல்லாததை, "நமக்கென்ன" என்று விட்டுவிட்டதை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

இதை ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? கல்ச்சுரல்ஸ் நடத்தும் தம்பி தங்கைகளே, உங்கள் பட்ஜெட்டில் முதல் வரி மேடை அலங்காரமாகத்தான் இருக்கும். எங்கள் காலத்திலும் அப்படித்தான். ஒரு வேண்டுகோள்: பந்தல்காரரைக் கூப்பிடும் முன்பு ஒரு மழை நாளில் மைதானத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். அந்த இடத்தில் ஜெனரேட்டரையும் வயரையும் வைக்காதீர்கள். மழைக்கு முன்பே ஜல்லியோ பலகையோ போடுங்கள். சேறான பிறகு கொட்டுவது சேற்றுக்கே தீனி. ராத்திரி பத்து மணிக்கு வெளியூர் மாணவிகள் எந்த பஸ்ஸில், எந்த வாசல் வழியே போவார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்; சிறப்பு விருந்தினர் பெயரை அப்புறம் எழுதலாம். நிகழ்ச்சியை நிறுத்த வேண்டி வந்தால் யார் சொல்வது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் துறையில் மண்ணியல் ஆய்வகம் இருக்கிறது. பூட்டைத் திறந்தால் போதும்!

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இதே சொல்தான். வருடத்துக்கு வருடம் சங்கமத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை குறைகிறதே என்று வருத்தப்படுகிறோம். "யாருக்கும் இப்ப பழைய பாசம் இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். எழுபது வயதுச் சீனியர் கார் நிறுத்தும் இடத்திலிருந்து அரங்கம் வரை கால் நனையாமல் வர முடிகிறதா? கைக்குழந்தையோடு வரும் தங்கைக்கு உட்கார ஓர் உலர்ந்த இடம் உண்டா? பாசம் உள்ளவர்களையும் பாதை தடுக்கும்.

அடுத்த சங்கமத்துக்கு முன் வடிகால் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். மம்பட்டியோடு வருகிறேன்.