அம்ஸ்டர்டாமில் செதுக்கிய கோவா ஊர்வலம்

திருகோணமலைக் கோட்டை வாசலில் இருக்கும் இணைக் கயலைப் பார்க்காத ஊரவர் குறைவு. கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டை அது. அவர்களுக்கு மேலிடம் கோவா. 1560இல் அங்கே அமைந்த மதவிசாரணை மன்றத்தின் அதிகாரம் கீழைத்தேசப் போர்த்துக்கேய ஆட்சி எங்கும் செல்லுபடியானது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிக்கும்வரை திருகோணமலையும் அதற்குள் அடங்கியிருந்தது.

அந்த மன்றத்தின் தீர்ப்பு ஊர்வலத்தைக் காட்டும் செப்புத்தகட்டு ஓவியம்தான் இந்த வாரப் பொருள். பாரிஸில் பிறந்து, புரட்டஸ்தாந்து சமயம் தழுவி, ஒல்லாந்தில் குடியேறிய பெர்னார் பிக்காரின் கைவண்ணம். 1723 முதல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்த உலக மதச் சடங்குகள் பற்றிய பெருநூலில் இடம்பெற்றது.

பெரிய ஊர்வலம், சிறிய தாள். நேர்கோட்டில் நிறுத்தினால் பாதிப் பேருக்கும் இடம் போதாது. ஆகவே வரிசை பாம்பாக வளைந்து வளைந்து வருகிறது. தேர்த் திருவிழாவை மாடியில் நின்று பார்ப்பதுபோல நம் பார்வை மேலிருந்து விழுகிறது. ஆட்கள் சிறுத்துப்போகிறார்கள், முகங்கள் மங்குகின்றன, ஒழுங்கு மட்டும் துலங்குகிறது. முன்னே கொடியோடு தொமினிக்கன் துறவியர். கடைசியில், இறந்த பின்னும் தண்டனைக்குத் தப்பாதவர்களின் உருவப்பொம்மைகளும் எலும்புப் பெட்டிகளும்.

இடையில் வருகிறது பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம். அதன் முகம் முன்னே போகிறவர்களைப் பார்த்திருக்கும். அவர்களுக்கு உயிர்ப்பிச்சை உண்டு. அதன் முதுகைப் பார்த்து நடப்பவர்களுக்குத் தீ. இந்த விவரத்தைத் தந்தவர் சார்ல் டெலோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1676 ஜனவரியில் அதே ஊர்வலத்தில் கைதியாக நடந்தவர். அவருடைய நூல் 1687இல் அச்சேறியது. பிக்காரின் கோவாப் படங்களுக்கு அந்த நூலே மூலம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஊர்வலப் படமல்ல, கூடவே வரும் தனியாள் படங்கள். தீக்குப் போகிறவரின் மேலங்கியில் அவருடைய முகமே எரியும் கட்டைகள் மேல் தீட்டப்பட்டிருக்கிறது, சுற்றிலும் பேய்கள். தன் சாவின் சித்திரத்தைத் தானே சுமந்து நிற்கும் மனிதன். அவரைச் செதுக்கிய கோடுகளோ பதற்றமில்லாதவை. துணியின் மடிப்புக்கும் தீயின் நாக்குக்கும் உளி ஒரே நிதானத்தைக் காட்டுகிறது. கண்டனம் ஒரு கோட்டிலும் இல்லை, பார்வையாளனே கண்டிக்கட்டும் என்று விட்டுவிட்ட தந்திரம் இது. புரட்டஸ்தாந்து வாசகர் அதைத் தவறாமல் செய்தார்கள்.

ஆனால் அந்த நூல் வெளிவந்த ஒல்லாந்தின் கிழக்கிந்தியக் கம்பனிதான் அப்போது திருகோணமலையை ஆண்டது. இலங்கையில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று 1658இல் ஆணையிட்டதும் அதே கம்பனிதான். அம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கச் சடங்கைப் படமாக விற்கலாம். இங்கே ஒரு குருவானவர் பூசை வைப்பதே குற்றம். அந்த ஆணையை எந்த அம்ஸ்டர்டாம் உளியும் இப்படிப் பரப்பவில்லை.

பிக்கார் கோவாவைக் கண்டவரல்லர்; ஐரோப்பாவைத் தாண்டியவரும் அல்லர். போர்த்துக்கேயர் காலம் பற்றி எழுதும் நம்மவர்கள் இந்தப் படங்களை நேரில் பிடித்த புகைப்படம்போலப் போடுகிறார்கள். போடுங்கள். கீழே ‘பெர்னார் பிக்கார், அம்ஸ்டர்டாம்’ என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.