சொல்லுக்குள் ஒரு பறவை

பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றின் திறப்பு விழா அழைப்பிதழ் அண்மையில் என் கைக்கு வந்தது. ஒருபுறம் தமிழ், மறுபுறம் ஆங்கிலம். 'திறப்பு விழா' என்பதற்கு நேராக 'இனாகுரேஷன்' என்றிருந்தது. தொடக்கத்தைக் குறிக்க நாம் தயக்கமின்றி வழங்கும் இச்சொல்லுக்குள் ஒரு பறவை ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்?

சொல்லின் தாயகம் லத்தீன். பண்டை உரோமாபுரியில் 'ஆகுர்' எனப்பட்ட குருமார் இருந்தனர். வளைந்த கைத்தடியால் வானத்தில் எல்லை வகுத்து, அதற்குள் பறக்கும் பறவைகளின் திசையையும் குரலையும் கொண்டு, தேவர்களின் சம்மதம் உண்டா என்று சொல்வது அவர்தம் தொழில். குருமாரைப் பதவியில் அமர்த்துகையில் இவ்வாறு குறி பார்த்ததே 'இனாகுராரே' எனப்பட்டது. நகரை நிறுவும் போட்டியில் ரெமுசுக்கு 6 கழுகுகளும் ரோமுலுசுக்கு 12 கழுகுகளும் தோன்றின என்பது அவர்களது பழங்கதை. நாவலர் சிசரோ கி.மு. 53-இல் ஆகுர் பதவி ஏற்றார். பின்னாளில் குறி பார்த்தலை மறுத்து எழுதியவரும் அவரே!

அரபு நாட்டிலும் இதே கதைதான். 'தைர்' என்றால் பறவை. அதிலிருந்து பிறந்த 'தியரா' என்றால் சகுனம். அறியாமைக் காலத்து அரபியர் பயணம் புறப்படுமுன் பறவையைக் கலைத்து விடுவர். அது வலப்புறம் பறந்தால் பயணம். இடப்புறம் பறந்தால் வீடு திரும்புதல். நம் பழந்தமிழிலும் 'புள்' என்பது பறவைக்கும் நிமித்தத்துக்கும் ஒருங்கே பெயராயிற்று. கடல்கள் பிரித்த மக்களுக்குள் இந்த ஒற்றுமை எனக்கு வியப்பளிக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தியரா என்பது இல்லை என்று மறுத்தார்கள். நற்சொல் கேட்டு மகிழ்வதை மட்டும் விரும்பினார்கள். நம் இல்லங்களில் ஓதப்படும் யாசீன் அத்தியாயத்தில், ஓர் ஊரார் தம்மிடம் வந்த தூதர்களைத் துர்ச்சகுனம் என்று பழிக்கின்றனர். அங்கே வரும் வினைச்சொல்லும் 'தைர்' வழிப் பிறந்ததே. அச்சகுனம் உங்களோடேயே இருக்கிறது என்பது தூதர்களின் மறுமொழி.

ஆகவே அழைப்பிதழில் அந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அச்சொல்லின் சிறகு உதிர்ந்து நூற்றாண்டுகள் பல ஆயின. என் கவலை வேறு. அரபிக் கல்லூரியில் சேர நான் புறப்பட்ட காலையில் பூனை ஒன்று குறுக்கே ஓடிற்று. உம்மம்மா என்னைத் திண்ணையில் அமர்த்திவிட்டார்கள். இரயில் போயிற்று, சேர்க்கை முடிந்தது, ஓராண்டு வீணாயிற்று. யாசீனை மனனமாக நாள்தவறாமல் ஓதி வந்தவர்கள் என் உம்மம்மா.