பினாங்கு அஞ்சல் வரலாற்றுத் தொகுப்புகள்

பினாங்கின் தபால்தலைகள், முத்திரைகள், கடித உறைகள், அஞ்சல் நிர்வாகப் பதிவேடுகள் ஆகியவை அடங்கிய சேகரங்கள். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி கால்பதித்த இத்தீவு, 1867 வரை பிரித்தானிய இந்திய ஆட்சியின் கீழ் இருந்தது. அதனால் இதன் தபால் கதை இந்தியாவோடு பின்னிக் கிடக்கிறது.

1854 முதல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் அணா மதிப்புள்ள இந்தியத் தபால்தலைகளே விற்பனையாயின. அவற்றில் குத்தப்பட்ட எண்தான் ஊரைக் காட்டும்: பினாங்குக்கு 'பி 147', மலாக்காவுக்கு 'பி 109', சிங்கப்பூருக்கு 'பி 172'. சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.

1867இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் தனிக் காலனியாயின. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியத் தபால்தலைகள் மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டு ஒன்பது வகைகள் வெளியிடப்பட்டன.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய ஆக்கிரமிப்பு இன்னொரு அரிய அத்தியாயம். 1942இல் ஒக்குகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் சொந்த முத்திரைகள் பழைய தபால்தலைகள் மேல் குத்தப்பட்டன. இவற்றில் போலிகளும் உலவுவதால் நிபுணர் சான்று அவசியம். போருக்குப் பின், 1948இல் 'பினாங்கு' என்ற பெயர் தாங்கிய தபால்தலைகள் வந்தன.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தீவின் தொடக்ககால நிர்வாகக் கடிதங்கள் உள்ளன. அங்கேயே, 1891இல் வழங்கப்பட்ட புகழ்பெற்ற டாப்ளிங் தபால்தலைத் தொகுப்பும் இருக்கிறது.

நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய தமிழர்களின் குடும்பக் கடிதங்களும் இவ்வரலாற்றின் சான்றுகளே. வீட்டில் அத்தகைய பழைய உறைகள் இருந்தால் தபால்தலையைப் பிரித்தெடுக்காமல், உறையோடு முழுமையாகப் பாதுகாக்க வேண்டும்.