பாரிஸ் மாநகரின் பொதுவண்டி

புதிய நகரொன்றிற் காலடி வைக்கும் பயணிக்கு முதலில் எழும் வினா, எவ்வண்டியில் ஏறுவது, எவ்வளவு கொடுப்பது என்பதாகும். பாரிஸ் மாநகரம் இவ்வினாவுக்கு 1662ஆம் ஆண்டிலேயே விடை காண முயன்றது. கணித மேதையும் தத்துவ அறிஞருமான பிளேஸ் பஸ்கால், ரோவானே கோமகன் முதலியோருடன் சேர்ந்து, அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் பொதுவண்டிச் சேவையொன்றைத் தொடக்கிவைத்தார். முதல் வண்டி சென் அந்துவான் வாயிலிலிருந்து லுக்சம்பூர் மாளிகைப் பக்கம் சென்றது. குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் எண்மர் அமரலாம். செல்லும் வழியும் புறப்படும் நேரமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. கட்டணம் ஐந்து சூ நாணயம். ஆள் சேராவிடினும் வண்டி நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். சொந்த வண்டியில்லாதவரும் வண்டிக்காரனோடு பேரம் பேசாது நகரைக் கடக்க வழி பிறந்தது.

அவ்வழி எல்லாருக்கும் பிறந்ததா எனில், இல்லை. போர்வீரரும் ஏவலாளரும் கூலியாட்களும் ஏறலாகாது எனப் பாரிஸ் உயர் நீதிமன்றம் விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பஸ்கால் காலமானார். அவர் கண்ட சேவையும் அந்நூற்றாண்டிலேயே நின்றுபோயிற்று.

பின்னர் 1828இல் ‘ஒம்னிபஸ்’ எனும் குதிரை வண்டிகள் பாரிஸ் வீதிகளில் ஓடலாயின. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘எல்லாருக்கும்’ என்பது பொருள். 1900 ஜூலை 19இல் நிலக்கீழ் மெட்ரோ திறக்கப்பட்டது. தூரம் எதுவாயினும் கட்டணம் மாறாது என்பது வெளியூராருக்குப் பேருதவியாயிற்று. எனினும் அங்கும் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இருந்தது. 1991ஆம் ஆண்டிலேதான் அது நீங்கியது. பொதுவண்டி பெயருக்கேற்பப் பொதுவாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.