கச்சான் காலத்துக் கொழுந்து

ஆடி பிறந்தால் எங்கள் லயத்துக் கூரைத் தகரங்கள் படபடக்கத் தொடங்கும். "கச்சான் எறங்கிருச்சு" என்பார் அம்மா. தகரத்தின் மேல் வைக்கக் கல் தேடிப் போவார் அப்பா. ஊவாப் பக்கம் பிறந்தவர்களுக்கு நாட்காட்டி வேண்டாம்.

அதே கச்சான் காற்றுதான் டிம்புள்ளப் பக்கம் மழையாய்க் கொட்டும். மலையின் மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, அப்புத்தளை முகட்டைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காய்ந்த காற்று. நானுஓயாவிலிருந்து வரும் மாமா, கம்பளியும் குடையுமாக இறங்கி, எங்கள் புழுதியைப் பார்த்துத் திகைப்பார்.

1869இல் வந்த இலைநோய் இலங்கையின் கோப்பியை அழித்தபின் இந்த மலைகளிலும் தேயிலை ஏறியது. துரைமார் இந்தக் காற்றை முதலில் எதிரியாகத்தான் நினைத்திருப்பார்கள். வரிசை வரிசையாகச் சபுக்கு மரங்களை நட்டு அதை மறித்தார்கள். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் லிப்டன் வந்து தம்பேதன்னை போன்ற தோட்டங்களை வாங்கினார். கச்சான் காலத்து ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு என்பது ருசி பார்க்கிறவர்களின் நாக்குக்குத் தெரிந்ததும், காற்றுக்கும் ஒரு விலை வந்துவிட்டது.

காற்று உலர்த்த உலர்த்த, செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் வெளியேறாது, ஆனால் உள்ளே வர வேண்டிய காற்றும் குறையும். வளர்ச்சி மட்டுப்படும், கணுவிடை குட்டையாகும், இலை சிறுக்கும். சில கொழுந்துகள் அரும்பே விடாமல் நின்றுவிடும். அதைத்தான் 'பஞ்சி' என்பார்கள். இந்தத் தவிப்பில் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதுதான். கொழுந்துக்கூடை சுமந்த அம்மாவின் முழங்காலுக்கு இரவில் நான் தேய்த்துவிட்ட தைலமும், கொழும்பு வியாபாரிகள் மூக்கருகே கொண்டுபோய் மெச்சிய தேநீரும் ஒரே வாசம் என்று எனக்குத் தெரிந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

மற்ற நாளில் 18 கிலோ எடுக்கும் அம்மாவுக்குக் கச்சானில் அதில் பாதி சேர்வதே பெரும்பாடு. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. தேயிலைக்கு விலை கூடும் மாதத்தில் கொழுந்து எடுத்தவளுக்குக் கூலி குறையும். இதை எந்தத் தேயிலைப் பெட்டியிலும் நான் படித்ததில்லை.

இந்த வறட்சியைச் செடி எவ்வளவு தாங்கும் என்பது வேரைப் பொறுத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள் விதையிலிருந்து வந்தவை. ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். 1950களுக்குப் பின், தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த ரகங்களைக் குச்சி வெட்டி நடும் 'வீ.பி.' தேயிலை பரவியது. விளைச்சல் அள்ளித் தந்தது, மறுக்க முடியாது. ஆனால் குச்சிக்கு ஆணிவேர் கிடையாது. வறட்சியைத் தாங்கும் ரகங்கள் அதிலும் உண்டு. எந்த மலைக்கு எந்த ரகம் என்று பார்த்து நட்டார்களா என்பது வேறு கதை.

1992 வறட்சியில் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சரிந்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு மலைகள் அடுத்தடுத்து இருந்தன. ஏழாம் நம்பர், தாத்தா காலத்து விதைத் தேயிலை. எட்டாம் நம்பர் வீ.பி. கவ்வாத்து வெட்டிய கொஞ்ச நாளில் எட்டாம் நம்பர் வறட்சியில் மாட்டிக்கொண்டது. கவ்வாத்துக்குப் பின் செடி துளிர்ப்பது வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டுதான். மழை வந்தபோது ஏழாம் நம்பர் துளிர்த்தது. எட்டாம் நம்பரில் கருகி நின்ற செடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கியதை ஆளாளுக்கு லயத்துக்குச் சுமந்தோம். அந்த வருடம் தீபாவளி வரைக்கும் எங்கள் அடுப்பில் எரிந்தது தேயிலைக் கட்டைதான்.