தொட்டில் கட்டத் தயங்கும் கை

வீட்டிலே மருமகள் நிறைமாதமாக இருக்கிறாள். இன்றோ நாளையோ என்று நாள் எண்ணுகின்றனர். "ஒரு தொட்டில் வாங்கி வைப்போமா? நாலு சட்டை தைத்து வைப்போமா?" என்று கேட்கிறான், தகப்பனாகப் போகும் இளைஞன். பாட்டியின் முகம் சுருங்குகிறது. "வாயை மூடடா! பிள்ளை பிறக்குமுன் தொட்டிலா? கண் பட்டுவிடும்!" என்கிறாள். கேட்டவன் வாயடைத்துப் போகிறான். கலியாணத்திற்கு ஆறு மாதம் முன்னதாகவே ஆயத்தம் தொடங்கும் வீடு, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே துணி எடுக்கும் வீடு, ஓர் உயிர் வரும் வேளையில் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறது!

அந்தப் பாட்டியை எள்ளி நகையாட நாம் இதனை எழுதவில்லை. பெற்றது எட்டு, மண்ணுக்குக் கொடுத்தது மூன்று என்று கணக்குச் சொன்ன தலைமுறை அவளுடையது. ஆசையாய்த் தைத்த சட்டை, அணிவதற்கு ஆளின்றிப் பெட்டியிலே கிடந்ததைக் கண்ட கண்கள் அவை. ஆகவே அந்த அச்சத்திற்குத் தாய் மடமை மட்டுமன்று, துயரமும் ஆகும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகள் இறந்தது முன்கூட்டி ஆயத்தம் செய்ததாலா, செய்யத் தவறியதாலா? விடை பஞ்சாங்கத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் மாகடலிலே செயின்ட் கில்டா என்றொரு சிறு தீவுக் கூட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வாழ்ந்தோர் நூறு பேருக்கும் குறைவு. கடற்பறவைகளின் இறைச்சியும் எண்ணெயும் அவர்தம் வாழ்வு. அங்கே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே மாண்டன. நாலைந்து நாள் நன்றாய்ப் பால் குடித்த குழந்தைக்குத் தாடை இறுகும். பால் உறிஞ்ச இயலாது போகும். உடல் வில்லாய் வளையும். எட்டாம் நாளையொட்டி உயிர் பிரியும். தீவு மக்கள் அதனை எட்டாம் நாள் நோய் என்றே அழைத்தனர். இறைவன் சித்தம் என்று பலர் அடங்கிக் கிடந்தனர். இங்கே நம்மவர் பட்சி தோஷம் என்றது போலத்தான் அதுவும். சொல் வேறு, சோர்வு ஒன்றே!

உண்மையில் அது ரணஜன்னி. மண்ணிலும் கால்நடையின் எருவிலும் வாழும் கிருமி, அறுத்த தொப்புள் கொடியின் புண் வழியே உடலில் புகுந்து விளைக்கும் நோய். அத்தீவின் பழைய வீடுகளில் மனிதரும் மாடும் குளிர்காலத்தை ஒரே கூரையின் கீழ்க் கழித்தனர். எரு தரையிலேயே சேர்ந்து கிடந்தது. அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார், ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ, 1889ஆம் ஆண்டு, பெர்லின் நகரில்.

அதே 1889இல்தான் அத்தீவுக்கு வந்து சேர்ந்தார் ஆங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார். இறைவன் சித்தம் என்று சொல்லிச் சவக்குழியருகே நின்று செபம் செய்துவிட்டுப் போயிருந்தால், அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ கிளாஸ்கோ நகர மருத்துவரிடம் கிருமியைக் கொல்லும் முறையைக் கற்று வந்தார். வழிவழி வந்த பழக்கத்தை விட ஊரார் எளிதில் இணங்கவில்லை. அவரும் விடவில்லை. தூய கை, தூய துணி, தொப்புளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து. இவ்வளவுதான் அவர் செய்த அற்புதம்! 1890களின் தொடக்கத்தோடு எட்டாம் நாள் நோய் அத்தீவை விட்டு அகன்றது. செபத்திற்கு இரங்காத சாவு சோப்புக்கு இரங்கிற்று. இதனை நாம் சொல்லவில்லை, ஒரு பாதிரியாரின் செயலே சொல்கிறது!

சரி, நூறு பேர் வாழும் தீவில் ஒருவரின் விடாமுயற்சி போதும். நாடு முழுவதும் வறுமை சூழ்ந்து கிடந்தால்? தூய துணி வேண்டும் என்று அறிந்தும், துணி வாங்கக் காசில்லாதவள் என் செய்வாள்? அறிவுரை வயிற்றையும் நிரப்பாது, உடலையும் போர்த்தாது. இந்தக் கேள்விக்கு விடை கண்ட நாடு பின்லாந்து.

1930களில் பின்லாந்து ஏழை நாடு. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 65 வரை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1937இல் அந்நாடு பேறுகால உதவிக்குச் சட்டம் இயற்றிற்று. 1938 முதல் வருவாய் குறைந்த தாய்மாருக்கு உதவி கிடைத்தது. பணமாகவும் பெறலாம், பெட்டியாகவும் பெறலாம். அட்டைப் பெட்டி ஒன்று. அதனுள் துணிகள், போர்வை, குழந்தைக்கு வேண்டிய பிற பொருள்கள். பிற்காலத்தில் பெட்டியின் அடியில் சிறு மெத்தையும் இடம்பெற்றது. பொருள்களை எடுத்தபின் அந்தப் பெட்டியே குழந்தையின் முதற்படுக்கை! மாளிகையில் பிறந்ததும் குடிசையில் பிறந்ததும், ஒரே வகை அட்டைப் பெட்டியில் கண்ணுறங்கின. சமத்துவத்தைப் பற்றி மேடைதோறும் முழங்கலாம். அந்நாடோ அதனைத் தொட்டிலிலிருந்தே தொடங்கிற்று.

தொடக்க காலத்தில் பெட்டியில் வந்தது பெரும்பாலும் தைக்காத துணி. தாய் தன் கையால் தைத்துக் கொள்வாள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது துணி படைக்குப் போயிற்று. பெட்டியில் காகித விரிப்புகள் வந்தன. போரின் நடுவிலும் பெட்டி நிற்கவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 1949இல் அந்த உதவி, ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரிடமோ தாய்சேய் நல நிலையத்திலோ உடலைக் காட்டியிருக்க வேண்டும்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது! பெட்டி ஓர் அழைப்பு, நோக்கம் மருத்துவம். 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சிதோறும் தாய்சேய் நல நிலையம் வேண்டும் என்று விதித்தது. நிலையமும், பயிற்சி பெற்ற மருத்துவச்சியரும், மருத்துவமனையும், கல்வியும், வளர்ந்த வாழ்க்கைத் தரமும் கைகோத்து நின்றன. இன்று அந்நாட்டில் ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு குழந்தைகளே ஓராண்டுக்குள் இறக்கின்றன. வெறும் அட்டைப் பெட்டி இதனைச் சாதித்தது என்று நாம் கூற மாட்டோம். அப்படிக் கூறினால் அதுவும் ஒரு தாயத்து ஆகிவிடும்!

நம் நாட்டுக்கு வருவோம். செயின்ட் கில்டாவின் நோய் நமக்கும் அந்நியமன்று. அரிவாளால் கொடியை அறுத்து, சாம்பலோ சாணமோ அப்பிய காலம் இங்கும் இருந்தது. 1988இல் உலகெங்கும் 7,87,000 பச்சிளங் குழந்தைகள் ரணஜன்னியால் மாண்டிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி, பேற்றுக்கு மருத்துவமனை, கொடி அறுக்கத் தூய கருவி என்று முயற்சி பெருகிற்று. 2015இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்நோய் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகிவிட்டது என்ற நிலையை இந்தியா எய்திற்று. எந்தத் திருஷ்டிப் பொட்டு இதனைச் செய்தது?

தமிழகத்தில், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால், 1987இல் ஏழைத் தாய்மாருக்கு 300 ரூபாய் மகப்பேறு உதவி தொடங்கிற்று. 2006இல் அது 6,000 ரூபாய் ஆயிற்று, 2011இல் 12,000, 2018இல் 18,000. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. பிள்ளையை வரவேற்க ஆயத்தம் செய்வது குற்றமன்று, கடமை என்பதை அரசே ஏற்றுக்கொண்ட செய்தி இது.

அரசு ஏற்றது, அகம் ஏற்றதா? தொட்டில் வாங்கத் தயங்கும் கை, தாயை இருட்டறையில் ஒதுக்கத் தயங்குவதில்லையே! தீட்டு என்று சொல்லிக் கிழிந்த பாயும் பழந்துணியும் தரக் கூசுவதில்லையே! முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வீடுகள் இன்னும் இல்லையா? குழந்தைக்கு இயற்கை செய்து வைத்த முதல் ஆயத்தம் அந்தச் சீம்பால். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதில் செறிந்திருக்கிறது. அதனைத் தரையில் கொட்டிய கைதான் கண் பட்டதென்று சூடம் சுற்றுகிறது!

இளைஞர் தோழர்களே! ஆயத்தம் என்பது பணக்காரர் ஆடம்பரமன்று. காற்றும் ஒளியும் புகும் அறை ஒன்று. வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்திய துணி. தட்டையான, உறுதியான படுக்கை. நள்ளிரவில் வலி கண்டால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, யார் உடன் வருவார் என்ற முடிவு. இவற்றை மாமியாருக்கும் மனைவிக்கும் உரிய வேலை என்று ஒதுக்காதீர்! தந்தையாகப் போகிறவன் முதலில் ஆயத்தம் செய்ய வேண்டியது தன்னையே. துணி அலசவும், இரவில் விழித்திருக்கவும், பிள்ளையை ஏந்தவும் பழகிய ஆண் கைகள்தாம் அந்த வீட்டின் முதல் தொட்டில்.

பாட்டியிடம் வாதாடி வெல்ல வேண்டா. அவள் இழந்த மூன்றையும் நினைந்து, அவள் கையைப் பற்றிச் சொல்லுங்கள்: "பாட்டி, அவர்கள் கண் பட்டுச் சாகவில்லை, காக்க ஆளில்லாமல் செத்தார்கள். இம்முறை நாம் காப்போம்." பிறகு அவள் கையாலேயே தொட்டிலைக் கட்டச் செய்யுங்கள். அந்தக் கை தயங்காது கட்டும் நாளே, அந்த வீட்டில் அறிவு பிறந்த நாள்!